துரை பக்கத்து இரும்பு

அம்மா காரில் ஏற மறுத்துவிட்டாள்.

“தொர ஒக்கார்ற எடத்துல நான் ஒக்கார்றதா? யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க?”

“ஒருத்தரும் நெனைக்க மாட்டாங்க. நீ ஏறு,” என்றார் அப்பா.

“நீங்க சொல்லுவீங்க. நாளைக்குக் காலையில பேரு கூப்புடுற பெரட்டுல போயி நிக்கப் போறது நானு.”

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் ஏறிவிட்டது. ரப்பர் தோட்டத்துப் பந்து மைதானத்தில், தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பச்சைக் கார் கதவு திறந்து நின்றது. முன்னால் வலப்பக்கம், ஸ்டீயரிங்குக்குப் பின்னால், அப்பா. அவர்தான் துரையின் டிரைவர். பின்னால் இடப்பக்கம் துரை உட்காரும் இருக்கை. அதற்கு மட்டும் வெள்ளை உறை போட்டிருந்தார்கள். அந்த வெள்ளைதான் அம்மாவைப் பயமுறுத்தியது. பால் வெட்டும் கை, எத்தனை முறை சோப்புப் போட்டாலும் ஒட்டுப்பால் நாற்றம் போகாத கை. அதைச் சேலையில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் நான் உறையைக் கழற்றி மடித்து வைத்தேன். அம்மா ஏறினாள். ஏறியும் இருக்கையின் நுனியில்தான் உட்கார்ந்தாள், பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறவள் மாதிரி.

“நல்லா சாஞ்சு ஒக்காரும்மா. உன் கனம் பூரா சீட்டுல எறங்கணும்.”

“பள்ளிக்கூடத்துல என்னத்தத்தான் சொல்லிக் குடுக்குறாங்களோ இவளுக்கு.”

துரை பருத்த ஆள். அம்மா மெலிந்தவள். அம்மா மட்டும் போதாது என்று நானும் அவளை இடித்துக்கொண்டு அதே பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா வண்டியைக் கிளப்பினார். எதிரே தெரிந்த கோல் கம்பத்தை நேராகக் குறிவைத்துப் பாதி மைதானம் போனதும், ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

கார் மெல்ல, ஆனால் ஒரு தயக்கமும் இல்லாமல், இடது பக்கம் ஒதுங்கிக் கம்பி வேலியை நோக்கிப் போயிற்று.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். அப்பா பிரேக்கைப் போட்டுவிட்டுச் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

இந்த வயதில் என்ன நினைவு?

அவர் ஏன் சிரித்தார் என்பதைச் சொல்வதற்கு முன் ஒரு பதில். இந்தத் தொடரைப் படிக்கும் சிரம்பான் வாசகர் ஒருவர், “உங்களுக்கு என்ன வயதாகிவிட்டது, அதற்குள் நினைவுக் குறிப்பு எழுத?” என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்விதான். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் ஒருவரும் பள்ளிக்கூடத்துப் படி ஏறியதில்லை. கப்பலில் வந்து காடு அழித்தவர்கள், பால் மரம் நட்டவர்கள், அதை வெட்டியவர்கள் எல்லாருக்கும் சொல்ல நிறைய இருந்திருக்கும். எழுதத்தான் தெரியவில்லை. அவர்கள் விட்டது நிறையச் சேர்ந்து கிடக்கிறது. நான் சீக்கிரம் ஆரம்பித்தால்தான் முடியும்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து முடித்த பிறகு, சிரம்பானில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் பெண் நான். விடிந்ததும் தோட்டத்து லோரியில் பக்கத்து ஊரான ரந்தாவ், அங்கிருந்து பஸ். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைத்து எழுத எனக்கு வராது.

மலாயாவில் அவசரகாலம் அது. காட்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று தோட்டத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, வாசலில் காவல் வைத்திருந்தார்கள். ஒரு பிடி சோற்றைக்கூட வெளியே எடுத்துப் போக முடியாது. கடையில் டின் பால் வாங்கினால் கடைக்காரரே மூடியில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார், பதுக்கி வைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியாதபடி. நான் பள்ளிக்கூடத்தில் பகலெல்லாம் டவுன் கடை பிஸ்கட் தின்றே படித்தவள். இன்றைக்கும் தேநீரில் நனைத்த பிஸ்கட்டின் வாசனை வந்தால் எனக்கு இங்கிலீஷ் இலக்கணம்தான் நினைவுக்கு வரும்.

இரும்பு வந்த விதம்

காடுகளை ஒட்டிய சாலைகளில், நாங்கள் சடக்கு என்போம், அந்த ஆட்கள் துரைமார்களின் கார்களை மறித்துச் சுடத் தொடங்கியதும், கார்களுக்கு இரும்புத் தகடு மாட்டும் வழக்கம் வந்தது. சில பெரிய தோட்டங்களில் கார் முழுவதும் தகடு. பார்த்தால் தகரப் பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும்.

எங்கள் தோட்டம் சின்னது. எங்கள் காருக்கு ரந்தாவ் பட்டறையில் தகடு போட்டார்கள். துரை எங்கே உட்காருகிறார்? பின்னால், இடப்பக்கம். ஆகவே பின்பக்க இடது கதவுக்கு ஒரு தகடு, முன்பக்க இடது கதவுக்கு ஒரு தகடு, இரண்டிலும் பார்ப்பதற்கு ஒரு கீற்று. இடப்பக்கத்தோடு சரி. வேண்டும்போது கழற்றி மாட்டுகிற மாதிரி கொக்கியும் திருகாணியும் வைத்திருந்தார்கள். ஒரு தகட்டைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

கார் வந்த அன்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் எல்லாரும் போய்ப் பார்த்தோம். விரலால் சுண்டிப் பார்த்தோம். “இனிமே தொரைக்கு ஒன்னும் ஆவாது,” என்று பேசிக்கொண்டோம். எங்கள் அப்பா அந்தத் தகட்டுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தார்.

தோட்டத்திலிருந்து ரந்தாவுக்குப் போகிற சடக்கில், போகும்போது காட்டு மேடு இடக்கைப் பக்கம் இருக்கும். திரும்பி வரும்போது அதே மேடு வலக்கைப் பக்கம். வலக்கைப் பக்கம் உட்கார்ந்திருப்பது அப்பா. இதை அன்றைக்கு ஒருவரும் பேசவில்லை. அம்மாகூடப் பேசவில்லை. எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

அல்லூரில் இறங்கிய கார்

தகடு போட்டுச் சில மாதங்கள் கழித்து அப்பா சொல்ல ஆரம்பித்தார்: “வண்டி இடது பக்கம் இழுக்குது.”

முதலில் லேசாக. பிறகு வீட்டுக்கு வந்தால் வலது தோளைப் பிடித்துவிடச் சொல்லும் அளவுக்கு. கார் ஓரத்துக்குப் போகாமல் இருக்க, ஸ்டீயரிங்கை எந்நேரமும் வலப்பக்கம் இழுத்துப் பிடித்தபடியே ஓட்ட வேண்டியிருந்ததாம்.

பட்டறைக்கு இரண்டு முறை கொண்டு போனார்கள். பட்டறை முதலாளியான சீனத் தவ்கே சக்கரங்களைச் சரிபார்த்து, தாமே ஓட்டிப் பார்த்து, கார் நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். இரண்டாவது முறை, “காடி பாகுஸ் லா. டிரைவர் சூடா துவா,” என்று சிரித்தாராம். கார் நன்றாக இருக்கிறது, டிரைவர்தான் கிழடாகிவிட்டார் என்று அர்த்தம். அப்பாவுக்கு அப்போது தலையில் நரைகூட இல்லை.

பிறகுதான் அந்த மழை நாள். ரந்தாவிலிருந்து புறப்பட்டுப் பாதியில் ஏதோ மறந்துவிட்டது என்று துரை திரும்பச் சொல்லியிருக்கிறார். மறுபடி ரந்தாவை நோக்கி வேகமாக வரும்போது, காட்டு மேட்டின் வளைவில், கார் ஈரச் சடக்கில் இழுத்துக்கொண்டு போய், ஓரத்து அல்லூரில், அதாவது மழைத்தண்ணீர் ஓடும் பள்ளத்தில், முன்சக்கரத்தை இறக்கிவிட்டது.

அந்த வளைவு எது என்றால், அதற்கு முந்தின மாதம்தான் காட்டு ஆட்கள் அங்கே ஒரு லோரியை நிறுத்திக் கொளுத்தியிருந்தார்கள்.

ராணுவ வண்டி ஒன்று வந்து இழுத்து விடும் வரைக்கும் துரை தகட்டுக்குப் பின்னால் கைத்துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார். அப்பா வெளியே மழையில் நின்று சக்கரத்துக்குக் கல் கொடுத்துக்கொண்டிருந்தார். காட்டிலிருந்து யாரும் வரவில்லை. ஆனால் அந்த நேரத்துப் பயம் முழுவதும் வீடு திரும்பியதும் கோபமாக மாறியது.

மறுநாள் ரந்தாவ் போலீஸ் நிலையத்துக்கு அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஏன் அந்த இடத்தில் நின்றது? யார் நிறுத்தச் சொன்னது?

“நிறுத்தலீங்க. வண்டி இழுத்துச்சு.”

“பட்டறையில் கேட்டோம். வண்டியில் கோளாறு இல்லை என்கிறார்கள்.”

அன்று அப்பாவை விட்டுவிட்டார்கள். ஆனால், மறுபடி கூப்பிடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் இரண்டாம் தடவை கூப்பிடப்பட்டவர்களில் சிலர் பல மாதங்கள் வீடு திரும்பவில்லை. துரை போலீஸ் அளவுக்கு யோசிக்கவில்லை. அவருக்கு அப்பா இனி வேண்டாம், அவ்வளவுதான். திங்கட்கிழமை சிரம்பானிலிருந்து புது டிரைவர் வருகிறார். அப்பா புல் வெட்டுக்குப் போக வேண்டும். டிரைவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதோடு, துரை கைவிட்ட ஆள் என்றால் போலீஸுக்கு அடுத்த கேள்வி கேட்பது சுலபம்.

எல்லாரும் ஓட்டிப் பார்த்தார்கள்

“நானே ஓட்டிப் பார்த்தேன். எனக்கு நேராகத்தான் போயிற்று,” என்று துரை ஆபீசில் சொன்னாராம். அது பொய் இல்லை. அவர் ஓட்டியபோது அவருக்கு நேராகத்தான் போயிருக்கிறது.

ஆபீஸ் தலைமை எழுத்தரான பெரிய கிராணியார் ஒரு விளக்கம் வைத்திருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்துக் கணக்கெல்லாம் அவர் கையில். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு மடிப்பு கலையாமல் சாயங்காலம் வரை இருப்பார்.

“சடக்கு நடுவில உயரம், கரையில பதிவு. தண்ணி வடியிறதுக்காக அப்பிடித்தான் போடுறவங்கள். எந்தக் காரும் கொஞ்சம் இடப்பக்கம் சாயும். உன்ர அப்பாவுக்குத்தான் கை தளர்ந்து போச்சு, பிள்ளை.”

அவர் சொன்ன முதல் பாதி சரி. இடப்பக்கம் ஓட்டும் நாட்டில், சரிவு இடப்பக்கம்தான். அதைக் கேட்டபோதுதான் எனக்கு ஓர் எண்ணம் வந்தது. சரிவே இல்லாத இடத்தில் கார் என்ன செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை துரையைப் பக்கத்துத் தோட்டத்துத் துரை தம் காரில் போர்ட் டிக்சன் கடற்கரைக்கு அழைத்துப் போயிருந்தார். புது டிரைவர் வருவதற்குள் காரைக் கழுவித் துடைத்து வைக்க அப்பாவுக்கு உத்தரவு. கழுவும் பைப்பு பந்து மைதானத்தின் ஓரத்தில் இருந்தது.

“அப்பா, மைதானத்துல ஒரு சுத்து ஓட்டுங்க.”

“கழுவத்தான் சொன்னாங்க. ஓட்டச் சொல்லல.”

“ஓட்டக் கூடாதுன்னு சொன்னாங்களா?”

அப்பா வாளியைக் கீழே வைத்தார். “இந்த வாய்க்குத்தான் ஒன்ன டவுனுக்கு அனுப்புறேன்,” என்று சொல்லிவிட்டு ஏறினார்.

ஒன்றை மட்டும் மாற்று

எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எதற்குக் காரணம் எது என்று தெரியாவிட்டால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார். மற்றதையெல்லாம் தொடாதே. நான் தோட்டத்தில் அதை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவேன், அம்மாவின் குழம்பு உட்பட. அம்மாவுக்கு அதனால் என்மேல் கோபம்.

முதலில், சமதரையில் ஆபீஸ் பக்கம் பார்த்து ஓட்டினோம். இடப்பக்கம் இழுத்தது. அதே கோட்டில் திருப்பி லயத்துப் பக்கம் பார்த்து ஓட்டினோம். தரையில் சரிவு இருந்தால் இப்போது வலப்பக்கம் போக வேண்டும். போகவில்லை. மறுபடி இடப்பக்கம்தான். கிராணியாரின் விளக்கம் முடிந்தது.

அடுத்து டயர். இரண்டு முன் டயர்களிலும் காற்றை ஒரே அளவாக்கினார் அப்பா. இழுத்தது. முன்சக்கரங்களை இடம் மாற்றி மாட்டினார். டயரில் குறை என்றால் இழுப்பும் அதோடு வலப்பக்கம் வந்துவிட வேண்டும். வரவில்லை.

அடுத்து பிரேக். ஒரு பக்கத்துப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் கார் அந்தப் பக்கம் திரும்பும், அந்தச் சக்கரம் சூடாகும். நாலைந்து சுற்று ஓட்டிவிட்டு அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் குனிந்து தொட்டுப் பார்த்தோம். பிறகு பக்கம் மாறித் தொட்டோம். இரண்டும் ஒரே சூடு.

அப்பா எழுந்து முதுகை நிமிர்த்தினார். “தவ்கே சொன்னது சரிதான் போல. எனக்குத்தான் கை போச்சு,” என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

நான் வாளியை எடுத்துப் பைப்பில் பிடித்தேன். எப்படியும் கழுவ வேண்டுமே.

தண்ணீர் போன பக்கம்

கூரை மேல் வாளித் தண்ணீரைக் கவிழ்த்தேன். தண்ணீர் இரண்டு பக்கமும் வழிய வேண்டும். அது முக்கால்வாசி இடப்பக்கமே ஓடி, துரையின் கதவுத் தகட்டில் திரையாக விழுந்தது. இன்னொரு வாளி ஊற்றினேன். அதே பக்கம்.

“அப்பா, தகட்டக் கழட்டுங்க.”

“கழட்டித்தானே கழுவணும். பொறு.”

வேடிக்கை பார்க்க வந்த அம்மா ஒரு முனையைப் பிடிக்க, இரண்டு தகட்டையும் கழற்றிப் பைப்படிச் சுவரில் சாய்த்தார்கள். கழற்றக் கழற்ற, கார் மூச்சு விட்ட மாதிரி இடப்பக்கம் எழுந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி அகன்றது. நான் மறுபடி ஒரு வாளி ஊற்றினேன். தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்தது.

அப்பா காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். இடப்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள், வில் மாதிரி வளைந்திருக்க வேண்டியவை, இரும்பைத் தூக்கித் தூக்கித் தளர்ந்து தட்டையாகக் கிடந்தன.

தகடு இல்லாமல் மைதானத்தில் ஓட்டினார். கையை எடுத்தார். கார் ஏறக்குறைய நேராகப் போயிற்று.

அப்போது எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்தியது. பட்டறையில் கதவும் சக்கரமும் வேலை செய்ய இடைஞ்சல் என்று முதலில் தகட்டைத்தான் கழற்றுவார்கள். கழற்றிய காரைத்தான் தவ்கே ஓட்டிப் பார்ப்பார். அனுப்பும்போது மாட்டிவிடுவார்கள். துரை ஓட்டியபோது அவருடைய கனம் வலப்பக்கம் வந்துவிட்டது, பின்னால் அவருடைய இருக்கை காலி. இரண்டு பக்கமும் கொஞ்சம் ஈடாகிவிட்டது. கார் முழு இழுப்பு இழுப்பது, தகடும் இருந்து துரையும் அதே பக்கம் உட்கார்ந்து அப்பா ஓட்டும்போது மட்டும்தான். அதை ஸ்டீயரிங்கில் உணரக்கூடிய ஆள் அப்பா ஒருவர்தான்.

தகட்டைத் திரும்ப மாட்டினோம். துரையின் கனத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. அதனால்தான் அம்மா.

கிராணியார் ஏறிய சவாரி

வேலிக்கு முன்னால் கார் நின்றதும், கிராணியார் தம் வீட்டு வாசலிலிருந்து இறங்கி வந்தார்.

“என்ன மாரிமுத்து, பெஞ்சாதி பிள்ளையை ஏத்திக்கொண்டு சவாரியோ?”

அம்மா அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஓடியே போய்விட்டாள். நான் இறங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு, “நான் ஏறிப் பாக்கிறன்,” என்று துரையின் இருக்கையில் ஏறினார். அம்மாவைப் போல நுனியில் இல்லை. நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தார். அவரும் கனமான ஆள்தான். அப்பா கையை எடுத்ததும் கார் மறுபடி வேலியைப் பார்த்து ஒதுங்கியது.

இறங்கும்போது கிராணியாரின் முகம் மாறியிருந்தது.

“ஓம், விளங்குது. ஆனா இதைத் துரையிட்டச் சொல்லாதேங்கோ.”

“ஏன்?” என்றேன்.

“பிள்ளை, நீ படிச்ச பிள்ளை, யோசி. காட்டு மேட்டு வளைவில காரை இறக்கின டிரைவர் ஒருத்தன் வந்து, துரையின்ர பக்கத்து இரும்பைக் கழட்டுங்கோ எண்டு கேக்கிறான். பொலிசுக்காரன் என்ன நினைப்பான்? புல் வெட்டுக்குப் போனாலும் உன்ர அப்பா வீட்டில இருப்பார். இதைச் சொன்னா எங்க இருப்பாரோ தெரியாது.”

அவர் பயமுறுத்தவில்லை. உண்மையைச் சொன்னார். அப்பாவுக்கும் அது உடனே புரிந்தது. காரணம் கண்டுபிடித்துவிட்டோம், ஆனால் அதை வாயால் சொல்ல முடியாது.

வீட்டில் அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கினாள். கட்டிக்கொண்டே திட்டினாள். யாரை என்று தெரியவில்லை.

“ஒரு பக்கத்து வாளி நெறஞ்சு இன்னொரு பக்கம் காலியா இருந்தா, காண்டாக் கம்பு தோள்ல நிக்குமா? சாயத்தான் செய்யும். அதுக்காக வெட்டுன பாலக் கொட்டிருவாங்களா? அந்தப் பக்கமும் ஊத்திக்கிட்டு நடப்போம். இதுகூடத் தெரியாம ஒரு தவ்கே, ஒரு தொர, ஒரு கிராணி.”

பால் வெட்டுபவர்கள் நீளக் கம்பின் இரண்டு முனையிலும் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமப்பார்கள். அந்தக் கம்புதான் காண்டா. நான் எழுந்து அம்மாவின் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கி வைத்தேன்.

“நாளைக்கு நான் தொரையப் பாக்குறேன்.”

“நீ ஒன்னும் பாக்க வேணாம்,” என்றார் அப்பா. “எனக்காகப் பொம்பளப் புள்ள போயி நிக்கிறதா?”

“அவ போகட்டும்,” என்றாள் அம்மா. “நீங்க போனா தலையச் சொறிஞ்சுக்கிட்டு நிப்பீங்க.”

ஆபீஸ் வாசலில்

மறுநாள், திங்கட்கிழமை காலை, நான் லோரியில் ஏறவில்லை. பள்ளிக்கூடத்துச் சட்டையோடேயே ஆபீஸ் வாசலில் நின்றேன். கிராணியார் என்னைப் பார்த்தும் பார்க்காதவர் போல உள்ளே போனார். ஆனால் முந்தின இரவு நான் போய்ச் சொன்னபோது, துரை இறங்கி வருகிற படிக்கட்டுக்கு நேராக நிற்கச் சொன்னவர் அவர்தான். அப்பா காரின் பக்கத்தில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், புது டிரைவரிடம் கொடுப்பதற்காக.

துரை வந்தார். “உனக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அந்த வாக்கியங்களை விடியும்போது பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். கார் இழுப்பது உண்மை. நீங்கள் ஓட்டினால் இழுக்காது, ஏனென்றால் அப்போது உங்கள் இருக்கையில் நீங்கள் இல்லை. பட்டறைக்காரர் ஓட்டினால் இழுக்காது, ஏனென்றால் அவர் தகட்டைக் கழற்றிவிடுகிறார். எடை முழுவதும் ஒரு பக்கம் இருக்கிறது, அந்தப் பக்கத்து ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது.

துரையின் முகம் சுருங்கியது. “அப்படியென்றால் என் தகட்டைக் கழற்ற வேண்டும் என்கிறாயா?”

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியின் குரல் புரிந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

“இல்லை சார். அதைத் தொடவே வேண்டாம். அதே எடை வலப்பக்கமும் வேண்டும். புது ஸ்பிரிங்கும் வேண்டும். அப்போதுதான் கார் நேராகப் போகும்.”

துரை என்னை ஒரு மாதிரி பார்த்தார். “உன் அப்பாவின் பக்கம்.”

“வலப்பக்கம், சார்,” என்றேன்.

அவர் படியிலிருந்து இறங்கிக் காரைச் சுற்றி வந்தார். டிரைவர் பக்கத்துக் கதவை விரல் முட்டியால் தட்டினார். தகர டப்பா மாதிரி சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அந்தக் கதவின்மேலேயே கையை வைத்திருந்தார். பிறகு தம் இருக்கையில் ஏறி, அப்பாவிடம் தமிழில், “மைதானத்துக்குப் போ, மாரிமுத்து. கையை எடு,” என்றார்.

நான் ஆபீஸ் வாசலிலிருந்தே பார்த்தேன். கார் கம்பத்தை விட்டு விலகி வேலிக்குப் போனது. திரும்பி வந்து மறுபடி போனது. மூன்றாவது தடவை துரை நடுவுக்கு நகர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், இழுப்பு குறைந்தது. அவருக்கும் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கத் தெரிந்திருந்தது.

திரும்பி வந்து இறங்கியதும் அப்பாவிடம் கேட்டார். “ஏன் என்கிட்ட சொல்லல?”

“வண்டி இழுக்குதுன்னு சொன்னேன், தொர.”

“இரும்பு இந்தப் பக்கம் இல்லைன்னு சொல்லல.”

அப்பா யோசித்தார். “எனக்கே தோணல, தொர.”

துரை உள்ளே போனார். ரந்தாவ் போலீஸ் நிலையத்துக்குத் தொலைபேசியில் அவர் பேசுவது வெளியே கேட்டது. கோளாறு காரில்தான், தாமே பார்த்துவிட்டதாகச் சொன்னார். சற்று நேரம் கழித்துச் சிரம்பானிலிருந்து கையில் துணிப்பையோடு வந்து இறங்கிய புது டிரைவரைக் கிராணியார் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

நான் துரையிடம் பொய் சொல்லவில்லை. கார் நேராகப் போக வேண்டும் என்றுதான் கேட்டேன். அப்பாவின் உயிருக்காக என்று கேட்டிருந்தால், அது கெஞ்சுவதாக இருந்திருக்கும். கிடைத்திருக்குமா என்றும் தெரியாது. எடை என்று கேட்டதால் இரும்பு வந்தது. அதைப் பற்றி எனக்குப் பெருமையும் உண்டு, ஒரு பக்கம் கசப்பும் உண்டு.

கார் திரும்பி வந்த அன்று

பட்டறையிலிருந்து கார் வந்த சாயங்காலம், அப்பா அதை எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தினார். இரண்டு பக்கமும் தகடு. புது ஸ்பிரிங். இப்போது காரைப் பார்த்தால் முன்னைவிட அசிங்கமாக இருந்தது.

“கைய எடுத்தாலும் நூல் புடிச்ச மாதிரி போகுது,” என்றார் அப்பா என்னிடம். தோளை ஒரு முறை உருட்டிக் காட்டினார்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். கார் நேராகப் போகிறதா என்று கேட்கவில்லை. டிரைவர் பக்கத்துத் தகட்டை மேலிருந்து கீழே வரை உள்ளங்கையால் தடவினாள்.

“இது தாங்குமா?”

“எத?”

“சுட்டா.”

இத்தனை மாதங்களில் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை.

“தொர பக்கம் போட்ட அதே இரும்புதான்,” என்றார் அப்பா.

“அப்பச் சரி.”

அப்பா பேச்சை மாற்றினார். “ஆனா உள்ள ஒரே புழுக்கம். முந்தியெல்லாம் சன்னல்ல கையப் போட்டுக்கிட்டுக் காத்து வாங்கிக்கிட்டே ஓட்டுவேன். இனிமே முடியாது.”

“கைய உள்ளயே வச்சுக்கிட்டு ஓட்டுங்க,” என்று சொல்லிவிட்டு, அம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள்.